பார்ட்டி வந்தால் நின்றுபோகும் நெட்வொர்க்

நேற்று சாயங்காலம் 2.4 ஜிபி கோப்பு ஒன்று டிசைன் செக்‌ஷனிலிருந்து அச்சுத் தகடு எடுக்கும் பிளேட் ரூமுக்கு 28 வினாடியில் போய்ச் சேர்ந்தது. பத்து நாளைக்கு முன்னால் இதே கோப்புக்கு 3 நிமிடம் 38 வினாடி ஆனது. அதுவும் நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால்தான். எதை எந்த வரிசையில் செய்தேன், எங்கெல்லாம் தப்பான வழியில் போனேன் என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை. கணினி, பிரிண்டர், கேமரா எது மக்கர் பண்ணினாலும் நான் ஒருவன்தான் ஆள். ஆடிப் பதினெட்டுக்கு காலண்டர் ஆல்பம் வெளியிட்டதிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்துவிடும். 12 தாள் காலண்டர் என்றால் தாளுக்கு நாலு கலர் வீதம் 48 பிளேட். பிளேட் வராவிட்டால் மிஷின் நிற்கும். மிஷின் நின்றால் ஆறு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சமயத்தில்தான் நெட்வொர்க் படுக்க ஆரம்பித்தது.

இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முன்கட்டில் கீழே ரிசப்ஷன், ஆர்டர் கொடுக்க வருபவர்கள் உட்காரும் பார்ட்டி ரூம், அக்கவுண்ட்ஸ். மாடியில் டிசைன். பின்னால் ஷெட்டில் பிளேட் ரூமும் மிஷின்களும். 19 கணினி, 4 பிரிண்டர், கணக்கு எழுதும் டேலியும் டிசைன் கோப்புகளும் இருக்கும் ஒரு சர்வர், கேமராப் பெட்டி. அக்கவுண்ட்ஸ் மூலையில் சுவரோடு ஒரு ரேக். அதில் இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ரூட்டரும், கணினி ஒயர்களையெல்லாம் இணைக்கும், செட்டிங் மாற்ற வழியில்லாத சாதா 24 போர்ட் (ஒயர் சொருகும் துளை) சுவிட்சும். மாடியில் 8 போர்ட் சுவிட்ச் ஒன்று, பிளேட் ரூமில் 5 போர்ட் சுவிட்ச் ஒன்று. எல்லாம் நான் வருவதற்கு முன்னாலேயே போட்டது. எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு சீட்டு கிடையாது.

முதல் நாள் பதினொன்றரை இருக்கும், பிளேட் ரூம் அண்ணன் போன் செய்தார். "தம்பி, பிளேட் வரலை. மிஷின் சும்மா நிக்குது." அதே நிமிடத்தில் அக்கவுண்ட்ஸிலிருந்தும் மாடியிலிருந்தும் "நெட் போச்சு" என்று கத்தினார்கள். எங்கள் ஆபீசில் டேலி நின்றாலும் நெட் போச்சு, பிரிண்டர் எடுக்காவிட்டாலும் நெட் போச்சு. நானும் அந்த வார்த்தையை அப்படியே நம்பி, ரூட்டரை அணைத்துப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் எல்லாம் திரும்ப வந்தது. ரூட்டர்தான் கோளாறு என்று முடிவு கட்டி இன்டர்நெட் கம்பெனியைக் கூப்பிட்டேன். மறுநாள் ஆள் வந்து ஃபைபரில் வெளிச்ச அளவு பார்த்தார், சரியாக இருந்தது. என் திருப்திக்காகப் பெட்டியையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கேட்டைத் தாண்டிய அரை மணி நேரத்தில் மறுபடியும் படுத்தது. இரண்டு நாள் வீண். சர்வருக்கும் டேலிக்கும் இன்டர்நெட்டே வேண்டாம், இரண்டும் உள்ளுக்குள்ளேயே ஓடுபவை என்பதை அப்போதே யோசித்திருந்தால் அந்த ஆளைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ரேக் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு லேப்டாப்போடு உட்கார்ந்தேன். மூன்று கறுப்பு ஜன்னல் திறந்து மூன்றிலும் நிற்காமல் பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) ஓடவிட்டேன். ஒன்று சர்வருக்கு, ஒன்று ரூட்டருக்கு, ஒன்று வெளியே இன்டர்நெட்டில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு. மூன்றாவது மட்டும் நின்றால் வெளியில் பிரச்சினை. மூன்றும் சேர்ந்து நின்றால் உள்ளே. 11.20க்கு மூன்றும் ஒரே மூச்சில் நின்றன. தலையைத் தூக்கி சுவிட்சைப் பார்த்தேன். ஒயர் சொருகிய அத்தனை போர்ட்டிலும் பச்சை விளக்கு ஒரே தாளத்தில் வெறி பிடித்தது போல் துடித்துக்கொண்டிருந்தது. சாதாரணமாக ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு மினுக்கும். எல்லாம் ஒரே தாளத்தில் துடித்தால் லூப். எங்கோ ஒரு ஒயர் சுற்றி வந்து மறுபடி இதே சுவிட்சில் சேர்கிறது. ஈதர்நெட்டில் (ஒயர் வழி நெட்வொர்க்கில்) போகும் தகவல் பொட்டலத்துக்கு ஆயுள் கணக்கு கிடையாது. சுற்றுப்பாதை கிடைத்துவிட்டால் யாராவது ஒயரைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

லூப் என்று தெரிந்தால் வழி சுலபம். ஒவ்வொரு போர்ட்டாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும், எதைப் பிடுங்கும்போது உயிர் வருகிறதோ அதுதான் திருடன். ஒன்றிலிருந்து இருபத்து நாலு வரை பிடுங்கினேன், சொருகினேன். எதிலும் உயிர் வரவில்லை. பிறகு தானாகச் சரியாகிவிட்டது.

நான் செய்த பெரிய தப்பு இங்கேதான், அப்போது தெரியவில்லை. மிஷின் நிற்கிற அவசரத்தில் ஒவ்வொன்றையும் பிடுங்கி இரண்டு வினாடியில் திரும்பச் சொருகிவிட்டேன். விண்டோஸ் பிங் ஒரு பதிலுக்கு நாலு வினாடி காத்திருக்கும். சரியான ஒயரைப் பிடுங்கியிருந்தாலும் அது திரையில் தெரிவதற்குள் நானே மறுபடி லூப்பைப் போட்டுவிட்டேன். பிடுங்கினால் குறைந்தது 15 வினாடி வெளியிலேயே வைத்திருக்க வேண்டும். இருபத்து நாலு போர்ட்டுக்கு ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடம் பொறுத்திருந்தால் எனக்கு ஐந்து நாள் மிச்சமாகியிருக்கும்.

அடுத்த இரண்டு நாள் படுத்த நேரத்தையெல்லாம் ஒரு நோட்டில் குறித்தேன். 11.20 முதல் 11.55. 12.45 முதல் 1.10. 4.10 முதல் 4.30. மறுநாள் 10.50, பிறகு 3.25. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருநாளும் படுக்கவில்லை. ராத்திரி ஷிப்டிலும் இல்லை. நோட்டை வைத்துக்கொண்டு ரிசப்ஷன் மேஜை ஓரமாக நின்றபோது அங்கே இருக்கும் அக்கா எட்டிப் பார்த்தார். "தம்பி, ஒண்ணு சொல்லட்டா? பார்ட்டி ரூம்ல ஏசி போட்டாத்தான் போகுது. நானும் நாலு நாளா பாக்கேன்."

உடனே கேட்டுக்குப் போய் வாட்ச்மேன் தாத்தாவிடம் வருகைப் பதிவு நோட்டை வாங்கினேன். காலண்டர் ஆர்டர் கொடுக்க வெளியூர்ப் பார்ட்டிகள் வருவார்கள். வந்த நேரம், போன நேரம் இரண்டையும் தாத்தா அழகாக எழுதி வைத்திருந்தார். என் நோட்டில் இருந்த ஐந்து நேரமும் அந்த நோட்டில் இருந்தது, ஐந்து பத்து நிமிட வித்தியாசத்தில். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாலு நாளாக நான் விளக்கையும் திரையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். விடை கேட் நோட்டில் இருந்தது.

ஆனால் அக்கா சொன்ன ஏசியிலேயே என் மனசு நின்றுவிட்டது. ஏசி ஓடும்போது கரண்ட்டில் ஏதோ ஆட்டம், அதில் சுவிட்ச் குழம்புகிறது என்று நினைத்தேன். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 2.1 வோல்ட். "எர்த்துல கோளாறுன்னா மத்த கம்ப்யூட்டரும் சேந்துல்லா ஆடணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் கேட்கவில்லை. ரேக்குக்கு யுபிஎஸ்ஸிலிருந்து தனி லைன் இழுக்கச் சொன்னேன். ஒயர், பிளக், கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். மறுநாள் காலை பத்தரைக்கு மதுரைப் பார்ட்டி ஒருவர் வந்தார், நெட்வொர்க் படுத்தது. இந்த முறை ஓடிப்போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டு ஏசியை மட்டும் நிறுத்தினேன். படுத்தது படுத்தபடியே இருந்தது. அப்போதுதான் ஏசியை விட்டுவிட்டு அந்த ரூமில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தேன்.

சாம்பிள் அலமாரிக்குப் பின்னால், ஏசி இருக்கும் அதே சுவிட்ச் போர்டில், உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி ஒன்று சொருகியிருந்தது. வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர். அதன் அடியிலிருந்து ஒரு ஒயர் சுவரில் உள்ள நெட்வொர்க் பாயிண்டுக்குப் போயிருந்தது. ஒயரைப் பிடுங்கினேன். மனசுக்குள் பதினைந்து எண்ணுவதற்குள் அக்கவுண்ட்ஸிலிருந்து "வந்துருச்சு!" என்று குரல் கேட்டது.

பார்ட்டி ரூமில் சிக்னல் பத்தவில்லை என்று டிசைன் தம்பி ஒருவர் ஆடியில் அதை வாங்கி வைத்திருக்கிறார். முதலில் ஒயர் இல்லாமல்தான் ஓடியிருக்கிறது. பார்ட்டிக்கு டிசைன் காட்டும்போது மெதுவாக இருக்கிறதே, ஒயரும் கொடுத்தால் வேகமாக ஓடும் என்று சுவர் பாயிண்டில் இணைத்துவிட்டார். நல்லதை நினைத்துத்தான் செய்தார். ரிப்பீட்டர் ஒரு கையால் வைஃபை வழியாக ரூட்டரைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கையில் ஒயர் கொடுத்தால் அது சுவிட்சைப் பிடித்துக்கொள்ளும். ரூட்டரும் சுவிட்சும் ஏற்கெனவே ஒயரில் சேர்ந்திருப்பவை. வட்டம் முழுமையாகிவிட்டது. பார்ட்டி வந்தால்தான் அந்த சுவிட்ச் போர்டின் மெயினைப் போடுவார்கள், பார்ட்டி போனதும் அணைத்துவிடுவார்கள். அதனால்தான் நேரத்துக்கு நேரம் வந்து போயிருக்கிறது.

பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. அதன் செட்டிங்கில் ரிப்பீட்டர் என்பதை ஆக்சஸ் பாயிண்ட் என்று மாற்றலாம். மாற்றினால் வைஃபை வழியாக ரூட்டரைப் பிடிக்காது, ஒயரில் வருவதை மட்டும் காற்றில் விடும். மற்ற கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்து, 192.168.1.4 என்று நிலையான முகவரி கொடுத்து, மறுபடி அதே இடத்தில் மாட்டினேன். இப்போது பார்ட்டி ரூமில் முன்பைவிட நல்ல சிக்னல். அந்தத் தம்பி ஆசைப்பட்டதும் அதுதானே.

இதோடு படுப்பது நின்றது. மெதுவாக இருப்பது நிற்கவில்லை. பிளேட் ரூமுக்குப் போகும் கோப்பு மட்டும் இன்னும் மூன்றரை நிமிடம் எடுத்தது. இரண்டும் ஒரே நோய் என்று அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் இரண்டாவது பல மாதமாகவே இருந்திருக்கிறது, பழகிப்போய் யாரும் சொல்லவில்லை.

இந்த முறை நிதானமாக ஆரம்பித்தேன். சர்வரில் ஒரு பக்கம், பிளேட் ரூம் கணினியில் ஒரு பக்கம், நடுவில் ஓடும் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் மென்பொருளை ஓடவிட்டேன். வினாடிக்கு 94 மெகாபிட். இந்த எண்ணைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், வழியில் எங்கோ 100 மெகாபிட்டில் ஒரு மூடி விழுந்திருக்கிறது. முழு ஜிகாபிட் (1000 மெகாபிட்) என்றால் 940 பக்கம் வரும். பிளேட் ரூமின் 5 போர்ட் சுவிட்சைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் 10/100 என்று அச்சிட்டிருந்தது. கடைத்தெருவில் போய் 10/100/1000 ஒன்று 1,150 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். மறுபடி 94. புதுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அட்டையில்கூடப் போட்டுவிட்டேன். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோளாறு இருந்தால் ஒன்றைச் சரிசெய்வதில் எதுவும் மாறாது, சரிசெய்ததே தப்பு என்று தோன்றும். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு ஷெட்டுக்கு வரும் ஒயரை நேராக லேப்டாப்பில் சொருகினேன். அங்கேயும் 100. ஆக, ஒயரிலும் கோளாறு.

100 மெகாபிட்டுக்கு ஒயருக்குள் இருக்கும் நாலு ஜோடியில் இரண்டு போதும், ஜிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். எங்கோ ஒரு ஜோடி சரியில்லை என்று இரண்டு முனையையும் வெட்டிப் புதுசாக கிரிம்ப் செய்தேன், அதாவது கம்பிகளை வரிசைப்படி கனெக்டருக்குள் வைத்து அழுத்தினேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. டெஸ்டரில் ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்கு வரிசையாக எரிந்தது. லேப்டாப்பில் மறுபடி 100. 280 ரூபாய் டெஸ்டர் ஒயர் அறுந்திருக்கிறதா, மாறியிருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். அந்த ஒயரில் எவ்வளவு வேகம் ஓடும் என்று அதற்குத் தெரியாது.

வெட்டிப்போட்ட துண்டு தரையில் கிடந்தது. எடுத்து ஒரு கம்பியை பிளேடால் சுரண்டினேன். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளி போல் பளபளத்தது. அலுமினியத்தின்மேல் செம்பு முலாம். ஜாக்கெட்டில் கேட்-6 என்றுதான் அச்சிட்டிருந்தது. இந்த ஒயர் வளைத்த இடத்தில் முறியும், தடை அதிகம், தூரம் போகப் போக சிக்னல் தேய்ந்துவிடும். அதோடு, ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் சுமார் 40 மீட்டருக்கு மிஷினுக்குப் போகும் த்ரீ ஃபேஸ் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இத்தனை நாள் 100இலாவது ஓடியதே பெரிது.

முழுச் செம்பு கேட்-6 ஒயர் 70 மீட்டர், மீட்டர் 32 ரூபாய் வீதம் 2,240. விற்றவர் முன்னாலேயே முனையைச் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். அவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. 25 மில்லி பிவிசி பைப் 22 நீளம் 1,650. எலக்ட்ரீஷியன் அண்ணனும் நானும் ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடாத நேரத்தில் எதிர்ச்சுவர் வழியாகப் போட்டோம். பவர் கேபிளை ஒரே இடத்தில்தான் கடக்கிறது, அதுவும் குறுக்காக. அளந்து பார்த்ததில் 64 மீட்டர், 100 மீட்டர் எல்லைக்குள் நிம்மதியாக இருக்கிறது. வளைவுகளில் எல்போ போடாமல் பைப்பைச் சூடாக்கி அகலமாக வளைத்தார் அண்ணன். அந்த நாலு வளைவும் அவ்வளவு நேர்த்தி. முனைகளை கிரிம்ப் செய்து, அட்டைக்குள் போயிருந்த புது சுவிட்சை எடுத்து மாட்டினேன். ஐபெர்ஃப் 938 காட்டியது. தொடக்கத்தில் சொன்ன 28 வினாடி அன்றைக்கே வந்துவிட்டது. நேற்று பார்த்தது கடைசிச் சோதனை.

நடுவே ஒரு நாள் முதலாளி அண்ணாச்சியிடம் போய் நின்றேன். நாளைக்கு வேறு யாராவது வேறு ஒரு பெட்டியைச் சொருகினால் மறுபடி மொத்த ஆபீசும் படுக்கும், லூப்பைத் தானே கண்டுபிடித்து அந்த ஒரு போர்ட்டை மட்டும் மூடும் சுவிட்ச் வேண்டும் என்றேன். "எவ்வளவுப்பா?" என்று மட்டும் கேட்டார். சென்னை ரிச்சி தெருவில் பழைய சிஸ்கோ 2960 எஸ் சுவிட்ச், 24 போர்ட்டும் ஜிகாபிட், 6,500 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆம்னி பஸ் பார்சலில் வந்தது. அதைக் கணினியோடு இணைத்து செட்டிங் மாற்ற கன்சோல் கேபிள் 450. பழைய ஆபீஸ் பாஸ்வேர்டு அதிலேயே இருந்தது. பவர் கொடுக்கும்போது முன்பக்க மோட் பட்டனை அழுத்திப் பிடித்து, பழைய கான்ஃபிக் (செட்டிங்) கோப்பின் பெயரை மாற்றி, அதன் பிறகுதான் உள்ளே நுழைய முடிந்தது. கான்ஃபிக்கை அழித்த பிறகும் போர்ட்களைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் பழைய விலான் பட்டியல் இருக்கும், அது தனிக் கோப்பு. அதையும் அழிக்க வேண்டும். பழைய சுவிட்ச் வாங்குபவர்கள் இதை மறக்கக் கூடாது.

லூப் காவலுக்கு பிபிடியு கார்டு (BPDU Guard) என்ற வசதியைப் போட்டேன். சுவிட்ச் இரண்டு வினாடிக்கு ஒருமுறை பிபிடியு என்ற ஒரு அறிவிப்புப் பொட்டலம் அனுப்பும். அப்படி ஒன்று கணினி மட்டும் இருக்க வேண்டிய போர்ட்டில் வந்து சேர்ந்தால் அந்த போர்ட்டை உடனே மூடிவிடும். 24 போர்ட்டுக்கும் ஒரேயடியாகப் போட்டுவிட்டு, ராத்திரி எல்லோரும் போன பிறகு அந்த வெள்ளைப் பெட்டியை வேண்டுமென்றே பழையபடி ரிப்பீட்டராக மாற்றி, ஒயரோடு சொருகிச் சோதித்தேன். போர்ட் மூடியது. ஆனால் மூடியது ரூட்டர் இருக்கும் 24ஆம் போர்ட். பொட்டலம் பார்ட்டி ரூம் ஒயர் இருக்கும் ஒன்பதாம் போர்ட்டில் கிளம்பி, ரிப்பீட்டர், வைஃபை, ரூட்டர் என்று சுற்றி 24இல் முதலில் வந்து விழுந்திருக்கிறது. பகலில் நடந்திருந்தால் ஒரு பெட்டிக்காக மொத்த ஆபீசுக்கும் இன்டர்நெட் போயிருக்கும். ரூட்டர் போர்ட்டிலும், மாடிக்கும் ஷெட்டுக்கும் போகும் போர்ட்களிலும் அந்தக் காவலை எடுத்துவிட்டேன். மறுபடி சோதித்தபோது ஒன்பது மட்டும் ஆரஞ்சு விளக்குக்கு மாறி மூடிக்கொண்டது. சர்வர் பிங் ஒன்றுகூடத் தவறவில்லை. மூடிய போர்ட் 300 வினாடி கழித்துத் தானே திறந்து பார்க்கும்படி வைத்திருக்கிறேன். எல்லாக் கணினிக்கும் போகும் பிராட்காஸ்ட் பொட்டலங்கள் போர்ட் வேகத்தில் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் வெட்டும்படியும் ஒரு வரி. சோதிக்காமல் அப்படியே விட்டிருந்தால் அந்த 24ஆம் போர்ட் என்றைக்காவது என்னை மாட்டிவிட்டிருக்கும்.

செலவு: சுவிட்ச் 6,500, கன்சோல் கேபிள் 450, ஒயர் 2,240, பைப் 1,650, 5 போர்ட் சுவிட்ச் 1,150, டெஸ்டரும் கனெக்டரும் 480, ஞாயிற்றுக்கிழமைக் கூலி 1,800, லேபிளும் ஒட்டுப்பட்டையும் 180. ஆக 14,450. தேவையே இல்லாத அந்த யுபிஎஸ் லைனுக்கு 1,850. மொத்தம் 16,300. கிரிம்பிங் டூல் என்னிடமே இருந்தது.

ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு முனையிலும் எண் ஒட்டி, எந்த எண் எந்த மேஜை என்று ரேக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ரிசப்ஷன் அக்காவிடமும் ஒரு பிரதி இருக்கிறது. இனி எது படுத்தாலும் நான் முதலில் போய்க் கேட்கப்போவது அவரிடம்தான்.

ஒரு வேலை மிச்சம். முன்கட்டுக்கும் ஷெட்டுக்கும் தனித்தனி எர்த். அவற்றுக்கு நடுவே 64 மீட்டர் செம்பு ஓடுகிறது. பக்கத்தில் எங்காவது இடி விழுந்தால் இரண்டு முனையிலும் போர்ட் போய்விடலாம். அங்கே முதலிலேயே ஃபைபர் போட்டிருக்க வேண்டும், கண்ணாடியில் கரண்ட் ஓடாது. அவசரத்தில் செம்பை இழுத்துவிட்டேன். பைப்புக்குள் இழுகயிறு ஒன்று விட்டு வைத்திருப்பதால் சுவரைத் தொடாமலேயே மாற்றலாம். ரேக் பக்கம் 2960இல் ஃபைபர் துளை இருக்கிறது, அதில் சொருக ஒரு எஸ்எஃப்பி மாட்யூலும், ஷெட் பக்கம் ஃபைபரில் வருவதைச் செம்பு ஒயருக்கு மாற்றும் ஒரு மீடியா கன்வெர்ட்டரும் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். அதுவரை, இடி கேட்டால் சிவப்பு நாடா கட்டிய ஒயரை சுவிட்சிலிருந்து கழற்றிவிடும்படி பிளேட் ரூம் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.